வாரியத்தின் வாளி

கூரை ஒழுகினால் மழைக்காலம் முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளலாம். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது உள்ளே மட்டும் ஒழுகும் வீட்டை என்ன செய்வது? அப்படியொரு வீட்டைத்தான் மட்டம் சாருக்கு ஒதுக்கியிருந்தது நடமாடும் குடியிருப்பு வாரியம்.

வீடு என்றால் வேன். சாலை வேலைக்காக ஊர் ஊராகப் போகிற ஊழியர்கள் குடியிருப்பதற்கு வாரியம் கொடுப்பது. பின்பக்கம் கட்டில், நடுவில் மடக்கு மேசை, அதையடுத்து அடுப்பு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்டியரிங். கட்டிலுக்குச் சற்று முன்னால், கூரையில் ஓட்டை போட்டு உட்கார்த்தி வைத்த ஏசி. அதைப் போட்டால் கட்டில் நனையும். அணைத்தால் வேன் மொத்தமும் அடுப்பாகிவிடும். நனைவதா வேகுவதா என்று முடிவு செய்துகொள்ளும் உரிமையை மட்டும் வாரியம் பெரிய மனதோடு குடியிருப்பவருக்கே விட்டிருந்தது.

மட்டம் சார் என்பது துறையில் வைத்த பெயர். ஆளின் தரத்தைச் சொல்லவில்லை. புதிதாகப் போட்ட சாலையில் ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக்குள் இருக்கும் குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, சரிவு சரியாக இருக்கிறதா என்று சொல்வது அவர் வேலை. சாலை நடுவில் தண்ணீர் நிற்கக்கூடாது, ஓரத்துக்கு ஓடிவிட வேண்டும். பகலெல்லாம் வெயிலில் குனிந்து நிமிர்ந்து, ஒப்பந்தக்காரர்களிடம், "தண்ணி தாழ்வான பக்கம்தாங்க போகும். அதுக்கு யாரும் வழி சொல்லிக் குடுக்க வேண்டாம்" என்று தொண்டை கட்டும்வரை சொல்லிவிட்டு, இருட்டிய பிறகு வேனுக்கு வந்து ஈரக் கட்டிலில் உட்காருவார்.

தனியாளாக இருந்திருந்தால் வேனின் நடைவழியில் ஒரு பாயை விரித்துக் காலத்தை ஓட்டியிருப்பார். மனைவியும் கைக்குழந்தையும் இவர் கூப்பிடுவதற்காக மனைவியின் அக்காள் வீட்டில் காத்திருந்தார்கள். தினமும் போன் வரும்.

"மெத்தை காஞ்சுதா?"

"பாத்துக்கிட்டிருக்கேன்மா."

"பாத்துக்கிட்டே இருங்க. இங்க அத்தான் பெருமூச்சு விட ஆரம்பிச்சுட்டார். முதல்ல பேப்பர் படிக்கும்போது மட்டும்தான் விட்டார். இப்ப பாப்பா அழுதாலே விடறார்."

"இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்க."

"நான் பொறுத்துக்குவேன். இவ எப்படிப் பொறுப்பா? போன்ல உங்களைக் காட்டினா ஏதோ விளம்பரம்னு நினைச்சுக்கிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிறா."

மட்டம் சாருக்கு அது சுருக்கென்று தைத்தது. மறுநாளே வெளியிலிருந்து ஒரு ஏசி மெக்கானிக்கை அழைத்து வந்தார். மெக்கானிக் ஏணி போட்டு ஏறினார், ஏறின வேகத்தில் இறங்கினார்.

"சார், நாலு போல்ட்லயும் அரக்கு வெச்சு முத்திரை குத்தியிருக்கு. வாரிய முத்திரை. நான் பிள்ளைகுட்டிக்காரன் சார்." கொடுத்த டீயைக்கூடக் குடிக்காமல் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்படியாகத்தான் மட்டம் சார் வாரிய அலுவலகத்துக்குப் போனார். அந்த வேன் வரிசையில் குடியிருந்தவர்களில் அதுவரை யாரும் செய்யாத காரியம் அது என்பது அவருக்குத் தெரியாது.

அலுவலகம் ஒன்றும் தூரத்தில் இல்லை. வேன்கள் நிற்கும் மைதானத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு மதில்தான். மாடியில் இயக்குநரின் அறை. அந்த அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் வேன்களின் நெற்றியில் வரைந்திருக்கும் வாரியச் சின்னம் வரிசையாகத் தெரிய வேண்டும் என்பது பழைய இயக்குநர் ஒருவரின் ஆசை. மதில் உயரமாக இருந்ததால் சின்னம் பாதிதான் தெரிந்தது. மதிலைக் குறைக்கலாம் என்று யாரோ சொல்லிப் பார்த்தார்கள். மதில் வேறு வாரியத்துக்குச் சொந்தம். ஆகவே வேன்களை உயர்த்தினார்கள். ஒவ்வொரு வேனின் முன்சக்கரங்களுக்கும் ஒரு கான்கிரீட் மேடை கட்டி, அலுவலக நேரத்தில் வேன் அதன் மேல் ஏறி நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அன்றிலிருந்து வேன்கள் எல்லாம் மூக்கைத் தூக்கிக்கொண்டு இயக்குநரையே அண்ணாந்து பார்த்தபடி நிற்கின்றன.

அலுவலகச் சுவரில், 'கண்ணால் கண்டதையே நம்புவோம்' என்று ஆள் உயர எழுத்தில் எழுதியிருந்தது. அதன் அடியில் கண்காணிப்பாளர் அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"ஏசி ஒழுகுதும்மா."

"ஒழுகுதுன்னு நீங்க சொல்றீங்க."

"ஆமாம்மா. நான்தானே நனையறேன்."

"நனையறவர் சொல்றதை எப்படி சார் எடுத்துக்கிறது? நீங்க சம்பந்தப்பட்டவர் ஆச்சே." கண்காணிப்பாளர் அம்மாள் தலைக்கு மேலிருந்த எழுத்தைக் காட்டினார். "எங்க ஆய்வாளர் நேர்ல வரணும். அவர் கண்ணு முன்னால ஒழுகணும். அப்புறம் பாருங்க எங்க வேகத்தை."

"அதுக்குப் பதிலா வேற ஒரு ஏசியே மாத்திக் குடுத்துட்டீங்கன்னா புண்ணியமாப் போகும்."

"மாத்தணும்னா பழசு செத்திருக்கணும். உங்களோடது ஓடுதா?"

"ஓடுதும்மா. ஓடினாத்தானே ஒழுகுது."

"பாத்தீங்களா, நல்லா ஓடுதுன்னு உங்க வாயாலேயே சொல்லிட்டீங்க. செத்துப்போச்சுன்னா சொல்லுங்க, உடனே மாத்திடறோம். செத்த ஏசி ஒழுகவும் ஒழுகாது. எப்படிப் பாத்தாலும் உங்களுக்கு நல்லதுதான். வாரியம் எப்பவுமே ஊழியர் பக்கம் சார்."

மட்டம் சார் நன்றி சொல்லிவிட்டு வந்தார். எதற்கு நன்றி சொன்னோம் என்று மதிலைச் சுற்றி வரும்போது யோசித்துப் பார்த்தார், பிடிபடவில்லை.

ஆய்வாளர் வருவதற்குள் மெத்தை இரண்டு தடவை பூசணம் பூத்தது. ஒருநாள் உச்சி வெயிலில் அவர் வந்தார். கையில் குடை. ஒழுகல் ஆய்வுக்குப் போகும் அதிகாரிக்கு வாரியமே குடை கொடுக்கும். படியில் கால் வைக்கும் முன் நின்றுகொண்டார்.

"ஏசியை அணைங்க."

"அணைச்சா ஒழுகாதே சார்."

"அது எனக்குத் தெரியாதா? அதிகாரி உள்ளே இருக்கும்போது மெஷின் ஓடக்கூடாது. பாதுகாப்பு விதி."

எப்போதோ ஓர் அதிகாரிக்கு வேனுக்குள் போய்வந்ததில் ஜலதோஷம் பிடித்து, அதன் விளைவாகப் பிறந்த விதி அது. ஒழுகலைக் கண்ணால் காண வேண்டும் என்ற விதியை எழுதியவரும், காணும்போது மெஷின் ஓடக்கூடாது என்ற விதியை எழுதியவரும் ஒருவரையொருவர் சந்தித்ததே இல்லை. சந்தித்திருந்தாலும் கைகுலுக்கிக்கொண்டு, டீ குடித்துவிட்டுப் பிரிந்திருப்பார்கள்.

ஏசியை அணைத்தார்கள். ஆய்வாளர் கட்டிலில் உட்கார்ந்து குடையை விரித்துக்கொண்டு கூரையையே பார்த்தார். மட்டம் சாரும் பக்கத்தில் நின்று பார்த்தார். வேன் சூடேறியது. திடீரென்று மெத்தையில் ஒரு சொட்டு விழுந்தது.

"விழுந்துச்சு! பாத்தீங்களா?" என்றார் ஆய்வாளர்.

"அது உங்க மூக்கிலேர்ந்து சார். வேர்வை."

ஆய்வாளர் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நீங்க நேர்மையான ஆளு. வேற யாராவதா இருந்தா இதை வெச்சு ஏசியே வாங்கியிருப்பாங்க."

மட்டம் சாருக்குத் தன் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆய்வாளர் எழுந்து குடையை மடக்கினார். "ஒழுகல் இல்லை" என்று சொல்லிக்கொண்டே கிளம்பியவர், கால் இடறி நின்றார். கட்டில் ஓரத்தில் ஒரு வாளி. அதில் முக்கால்வாசி தண்ணீர்.

"இது ஏது?"

"ஏசித் தண்ணி சார்!" மட்டம் சாருக்கு உயிர் வந்தது. "நேத்து விழுந்தது."

"விழுந்ததை நான் பாக்கலை. தண்ணியைப் பாக்கிறேன்." ஆய்வாளர் குனிந்து விரலை விட்டுப் பார்த்தார். "தினமும் இவ்வளவு இருக்குமா?"

"தினமும் சார். சில நாள் ரொம்பியே போயிடும்."

"சுத்தமா இருக்கே" என்றார் ஆய்வாளர். அவர் முகத்தில் முதன்முறையாக ஒரு மலர்ச்சி தெரிந்தது. அதை நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டார் மட்டம் சார். அன்று மாலை மனைவிக்குப் போன் செய்து, "வேலை ஆயிடும் போலிருக்கு" என்றுகூடச் சொல்லிவிட்டார்.

வேலை ஆனது. அந்த வாரம் தண்ணீர் லாரி வந்தபோது வேன் வேனாக நின்று ஒவ்வொன்றின் தொட்டியையும் நிரப்பிவிட்டு, மட்டம் சாரின் வேனை மட்டும் தாண்டிப் போயிற்று. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவர் ஓடிப்போய் மறித்தார்.

"உங்களுக்குக் கிடையாது சார்" என்றார் லாரி டிரைவர். "உங்க வேனுக்குள்ளேயே தினமும் தண்ணி ஊறுதாமே. ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. குடுத்து வெச்சவர் சார் நீங்க."

பக்கத்து வேனில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். அவர்தான் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"என்ன சார் ஆச்சு?"

"ஏசி ஒழுகுதுன்னு ஆபீஸுக்குப் போனேன். இப்படி ஆயிடுச்சு."

"ஆபீஸுக்கா?" கிரேன்காரர் வாயைப் பிளந்தார். "ஏசி ஒழுகறதுக்கா சார் ஆபீஸுக்குப் போனீங்க?" மேற்கொண்டு ஏதோ சொல்ல வந்தவர், மட்டம் சாரின் தோளில் தொங்கிய பையையும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ரசமட்டத்தையும் பார்த்தார். படித்த மனிதர், காரணம் இல்லாமலா செய்வார் என்று நினைத்தாரோ என்னவோ, வாயை மூடிக்கொண்டு போய்விட்டார்.

மட்டம் சார் மறுபடி மதிலைச் சுற்றிக்கொண்டு போனார். இந்தத் தடவை கண்காணிப்பாளர் அம்மாள் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க சார், வாங்க. இயக்குநர் ஐயா நாலு நாளா உங்க வேனைப் பத்தித்தான் பேசறார்."

"அம்மா, எனக்கு லாரித் தண்ணி வேணும்."

"உள்ளே தண்ணி இருக்கும்போது வெளித் தண்ணி எப்படிக் குடுக்க முடியும்? ஒரு வீட்டுக்கு ரெண்டு தண்ணி ஆயிடுமே."

"அப்ப உள்ளே வர்ற தண்ணியை நிறுத்திக் குடுங்க. அதைத்தானே முதல்லேர்ந்து கேக்கறேன்."

கண்காணிப்பாளர் அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஒரு ஊழியரோட குடிதண்ணியை நிறுத்தச் சொல்றீங்களா? கைக்குழந்தை வேற இருக்குன்னு சொன்னீங்க. அந்தப் பாவத்தை இந்த வாரியம் செய்யாது சார். எங்களுக்கும் மனசு இருக்கு."

மட்டம் சாருக்குத் தான் தமிழில்தான் பேசினோமா என்று சந்தேகம் வந்தது. திரும்பும்போது அவர் கையில் ஒரு புது வாளியைக் கொடுத்து அனுப்பினார்கள். நல்ல கனமான வாளி. பக்கவாட்டில் வாரியச் சின்னம். இனி அதில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும், சொந்த வாளியில் பிடித்தால் வாரியத் தண்ணீரைத் தனியார் உபயோகத்துக்கு எடுத்ததாகும். வருகிற வாரம் இயக்குநரே நேரில் வந்து பார்ப்பார் என்றும் சொன்னார்கள்.

அந்த நாட்களில் மட்டம் சார் வேலைக்குப் போனார், வந்தார், நனைந்தார். போனில் மனைவியிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் எடுக்காமலே விட்டார். எடுக்காமல் விட்டால் பெண்கள் சும்மா இருப்பார்கள் என்று நினைத்தது அவர் தப்பு. இயக்குநர் வருவதற்கு முந்தின நாள் இரவு அவர் வேலை முடிந்து வந்தபோது, வேன் படியில் ஒரு சூட்கேஸும், அதன் மேல் ஒரு தொட்டில் சேலையும் இருந்தன. உள்ளே மனைவி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெத்தையை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத்திய இடத்தில் தண்ணீர் ஊறி நின்றது.

"அத்தான் ஒண்ணும் சொல்லலை" என்றாள், அவர் கேட்காமலே. "இன்னிக்கு விட்ட பெருமூச்சுல காலண்டர் ஆடிடுச்சு. கிளம்பி வந்துட்டேன்."

மட்டம் சார் நடந்ததையெல்லாம் சொன்னார். ஆய்வாளர், குடை, வேர்வை, லாரி, வாளி. அவள் கேட்டுக்கொண்டே குழந்தையின் பால் புட்டியைத் தரையில் சாய்த்து வைத்துவிட்டு முந்தானையால் குழந்தைக்கு விசிறினாள். புட்டி மெல்ல உருண்டு கட்டிலுக்கடியில் போயிற்று. எடுத்து வைத்தாள். மறுபடி உருண்டு அதே இடத்துக்குப் போயிற்று.

"ஏங்க, இந்த வண்டி சாஞ்சா நிக்குது?"

"எல்லா வேனும் அப்படித்தான் நிக்கும். முன்சக்கரம் மேடையில இருக்கணும். சின்னம் தெரியணும்ல."

அவள் எட்டி அவர் பையிலிருந்து ரசமட்டத்தை உருவினாள். மெத்தையின் மேல் வைத்தாள். குமிழி ஒரே ஓட்டமாக முன்பக்கம் ஓடி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"சார், தண்ணி எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்டாள்.

"தண்ணி தாழ்வான பக்கம்தாங்க போகும். அதுக்கு யாரும்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த மட்டம் சார் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஏசியின் தண்ணீர் வெளியே போகும் துளை முன்பக்கம் இருந்தது. வேன் மூக்கைத் தூக்கி நின்றால் தண்ணீர் பின்பக்கம் வரும், ஏசியின் அடித்தட்டு நிரம்பி வழியும், கூரை ஓட்டை வழியாகக் கட்டிலில் கொட்டும். இதைக் கண்டுபிடிக்க ஏசி படிப்பு வேண்டாம். ஊரிலுள்ள சாலையெல்லாம் மட்டம் பார்த்த மனிதர், தான் படுக்கிற கட்டிலுக்கு ஒரு நாளும் மட்டம் பார்க்கவில்லை. அவருக்கு மனைவியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்து, வண்டியைக் கிளப்பி, மேடையிலிருந்து பின்னுக்கு இறக்கினார்.

ஏசியைப் போட்டார்கள். மெத்தையைப் புரட்டி, உலர்ந்த பக்கத்தில் ஒரு போர்வையை விரித்து, மூவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். உள்ளே ஒரு சொட்டு விழவில்லை. வெளியே மண்ணில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குழந்தை குளிர்ச்சியில் கைகளை விரித்துக்கொண்டு தூங்கிப்போயிற்று. மட்டம் சாருக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் நனைந்ததற்கா, இப்போது காய்ந்ததற்கா என்று அவருக்கே தெரியவில்லை.

காலையில் வாரியத்துக் காவலாளி கதவைத் தட்டினார். "சார், உங்க சின்னம் தெரியலை! ஐயா வர்ற நாள் அதுவுமா இப்படியா? ஏத்துங்க, ஏத்துங்க." மட்டம் சார் வேனை மேடையில் ஏற்றினார். அப்போதுதான் வாரியத்தின் வாளியைப் பார்த்தார். காலியாக இருந்தது. எடுத்துக் கவிழ்த்து மனைவியிடம் காட்டினார்.

"அதுக்கென்ன?" என்றாள் மனைவி. குழந்தையைக் குளிப்பாட்டின தண்ணீரைத் தூக்கி வாளியில் ஊற்றினாள்.

இயக்குநர் வந்தார். பின்னால் கண்காணிப்பாளர் அம்மாள், குடையோடு ஆய்வாளர், இன்னும் எதற்கென்று தெரியாத பலர். படியருகே வந்ததும் ஆய்வாளர், "மெஷின்!" என்று குரல் கொடுத்தார். ஏசி அணைந்தது. அதிகாரிகள் ஏறினார்கள். வேன் கொள்ளவில்லை, பாதிப் பேர் வெளியே நின்று ஜன்னல் வழியாக வியந்தார்கள்.

இயக்குநர் வாளியின் முன் வந்து நின்றார். பிறகு குனிந்து ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"ஒரு வாசனை இருக்கு பாத்தீங்களா? இதெல்லாம் குழாய்த் தண்ணியில வராது. இயற்கை."

குழந்தைப் பவுடரின் வாசனை அது. மட்டம் சாரின் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இயக்குநர் பேச்சைத் தொடங்கினார். "நண்பர்களே, நான் இந்தப் பதவிக்கு வந்தபோது என்னிடம் ஒரு கனவு இருந்தது. என்ன கனவு என்பது வந்த பிறகு மறந்துவிட்டது. இன்று இந்த வாளியைப் பார்த்ததும் நினைவுக்கு வந்துவிட்டது, இதுதான் அது. ஒரு சாதாரண ஊழியர், எந்த முயற்சியும் செய்யாமல், படுத்த இடத்திலேயே தண்ணீர் பெறுகிறார். எந்த முயற்சியும் செய்யாமல் பெறுவது எப்படி என்பதில் இந்த வாரியத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. அந்த அனுபவத்தைக் கடைக்கோடி ஊழியர்வரை கொண்டு சேர்த்துவிட்டோம் என்பதில் எனக்குப் பெருமை." கைதட்டினார்கள். கண்காணிப்பாளர் அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மட்டம் சார் நேர்மையான ஆள் என்று ஆய்வாளர் சொன்னது சரிதான். அந்த நேர்மை இப்போதும் தலைதூக்கியது.

"ஐயா, ஒரு விஷயம். வேனை மேடையிலேர்ந்து இறக்கிட்டா ஒழுகல் நின்னுடுது. நேத்து இறக்கிப் பாத்தோம்."

மனைவி அவர் கையைக் கிள்ளினாள்.

"இறக்கிட்டாவா?" என்றார் இயக்குநர் மெதுவாக. "தம்பி, இந்த வாரியம் ஊழியரை உயர்த்தித்தான் வைக்கும். இறக்காது."

மறுபடி கைதட்டினார்கள். அந்த உற்சாகத்திலேயே உத்தரவும் பிறந்தது. இந்த வரிசையிலுள்ள எல்லா வேனுக்கும் ஒரு வாளி. இனி எந்த வேனுக்கும் தண்ணீர் லாரி வேண்டாம்.

அன்று மாலை அலுவலகம் முடிந்து இயக்குநர் அறையின் ஜன்னல் திரை மூடியது. மட்டம் சார் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கிளப்பியதும் சத்தம் பலமாகக் கேட்கவே, ஏதோ கோளாறு என்று நினைத்து அணைத்தார். சத்தம் நிற்கவில்லை. தலையை நீட்டிப் பார்த்தார். வரிசையிலுள்ள அத்தனை வேன்களும் உறுமிக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாக மேடையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. பக்கத்து வேனில் கிரேன்காரர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, ஜன்னல் வழியாகப் பின்னால் பார்த்தபடி இருந்தார்.

"நீங்களுமா?" என்றார் மட்டம் சார்.

"எல்லாரும்தான் சார். வந்த நாள்லேர்ந்து. நீங்க வர்றதுக்குள்ள இருட்டிடும், பாத்திருக்க மாட்டீங்க."

"எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

கிரேன்காரர் வண்டியை அணைத்துவிட்டு அவரைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. "உங்களுக்கா சார்? நீங்க மட்டம் பாக்கிற ஆளு. உங்களுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியும்னு இருந்துட்டோம்." பிறகு தன் வேன் வாசலில் இருந்த புது வாளியைக் காலால் நகர்த்தினார். "இப்ப தண்ணிக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியலை."

மறுநாள் காலையில் வழி தெரிந்தது. அலுவலகத் தோட்டத்தில் செடிகளுக்கு நீர் விடும் குழாய் ஒன்று இருந்தது. ஆளுக்கொரு வாரிய வாளியைத் தூக்கிக்கொண்டு, மதிலைச் சுற்றிப் போய், அந்தக் குழாயடியில் வரிசையாக நின்றார்கள். மட்டம் சார் வெட்கப்பட்டுக்கொண்டு கடைசியில் நின்றார். குடிக்க, சமைக்க, குழந்தையின் துணி அலச, எல்லாவற்றுக்கும் அந்தக் குழாய்தான்.

இயக்குநர் வழக்கம்போல ஜன்னல் திரையை விலக்கினார். கீழே தோட்டத்தில் வாளியும் கையுமாக மக்கள். அவருக்கு மனது நிறைந்துவிட்டது. கண்காணிப்பாளர் அம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"பாருங்கம்மா, பாருங்க. வீட்டுல மிஞ்சின தண்ணியைக் கொண்டாந்து நம்ம செடிக்கு ஊத்தறாங்க. யாரும் சொல்லாமலே செய்யறாங்க."

"கண்ணால காண்றோமே ஐயா" என்றார் அவர்.

"அப்புறம் அந்தக் குழாய் எதுக்கு? வீணா நிக்குது. எடுத்துடுங்க."

வாரியத்தின் சரித்திரத்தில் இவ்வளவு விரைவாக நடந்த வேலை வேறு இல்லை. ஒழுகலைப் பார்க்க வர மெத்தை இரண்டு தடவை பூசணம் பூக்க வேண்டியிருந்தது. குழாயைப் பிடுங்க அன்று பிற்பகலுக்குள் ஆள் வந்தார்.

மறுநாள் காலை, வேனை மேடையில் ஏற்றும் நேரத்துக்கு முன்பே, சேதி தெரிந்தபோது மட்டம் சார் வேனில் இருந்தார். எழுந்தார். இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினார். தலை வாரினார்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் மனைவி.

"ஆபீஸுக்கு. குழாய் விஷயமா நேர்ல எடுத்துச் சொன்னா..."

அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள், திறந்திருந்த ஜன்னல் வழியாகப் பக்கத்து வேனிலிருந்து கிரேன்காரரின் குரல் வந்தது. "அம்மா, அவரை விட்டுடாதீங்கம்மா!"

மனைவி குழந்தையைத் தூக்கி அவர் மடியில் வைத்தாள். வைத்ததால் அவர் உட்கார வேண்டியதாயிற்று.

"இவளைப் பிடிங்க. ரோடு வேலைக்கு வர்ற தண்ணி வண்டிக்காரரைப் பக்கத்து வேன்காரர் கேட்டுப் பாக்கறேன்னு சொல்லியிருக்கார். நான் போய் வாங்கிட்டு வர்றேன். நீங்க எங்கயும் போக வேண்டாம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும், சும்மா இருங்க."

வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனாள். ஏசி மெல்ல ஓடிக்கொண்டிருந்தது. வேன் தரையில் சமமாக நின்றது. மட்டம் சார் காய்ந்த மெத்தையில், இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார். குழந்தை அண்ணாந்து அவரை வெகுநேரம் பார்த்தது. இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.